பூஜை அறைக்கு மேல் இருந்த தவளை

எங்கள் வீட்டுக்குப் பாம்புகள் வந்து சேர்ந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து மாடிப்படி ஏறும்போதே ஒரு மருந்து நெடி மூக்கைச் சுட்டது. கதவைத் திறந்தால் கூடம் முழுக்கச் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் வரிசை வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் நல்லபாம்பு சுருண்டு கிடந்தது. இன்னொன்றில் ஒரு வௌவால், நனைந்த குடையைப் போல மடங்கி நின்றது. அம்மா நடுவில் உட்கார்ந்து ஈரத்துணியால் ஒவ்வொரு ஜாடியையும் துடைத்துக்கொண்டிருந்தாள். பண்டிகைக்கு முன்னால் பித்தளைப் பாத்திரம் துலக்குகிறவளின் முகம் அவளுக்கு.

“செருப்பைக் கழட்டிட்டு ஓரமா வா. எதையும் தட்டிறாத” என்றாள்.

அம்மா ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. அந்தப் பாடத்துக்குப் பிள்ளைகள் சேர்வது வருடா வருடம் குறைந்து, கடைசியில் துறையையே மூடிவிட்டார்கள். அம்மாவை வேலையை விட்டு அனுப்பவில்லை, எல்லா வகுப்புகளுக்கும் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கச் சொன்னார்கள். உயிரினங்களை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று அதில் ஓர் அத்தியாயம் உண்டு. அம்மா அந்த அத்தியாயத்தை நடத்திக்கொண்டிருந்த வாரத்தில்தான் விலங்கியல் அருங்காட்சியக அறையைக் காலி செய்து அங்கே கம்ப்யூட்டர் லேப் வைக்கப்போவதாகச் சொன்னார்கள். ஜாடிகள் என்ன ஆகும் என்று அம்மா கேட்டதற்கு, பின்பக்கம் குழி தோண்ட ஆள் சொல்லியாகிவிட்டது என்று பதில் வந்திருக்கிறது. “நானே எடுத்துக்கிடுதேன்” என்றாளாம் அம்மா. குழி தோண்டும் வேலை மிச்சம் என்று அவர்களுக்கும் சந்தோஷம்தான்.

அப்பா ஊரில் இல்லை. சத்திரப்பட்டி ரோட்டில் மருத்துவமனைக் கட்டுத்துணி செய்யும் கம்பெனியில் அவருக்கு வேலை; மாதக்கணக்கில் வெளியூர்களில் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்குவார். அம்மா போனில் “காலேஜ் சாமான் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கேன்” என்றாள். புத்தகமாக இருக்கும் என்று நினைத்து அவரும் சரி என்றுவிட்டார்.

ஜாடிகளை வைக்க ஒரே இடம்தான் இருந்தது. நான் உட்கார்ந்து படிக்கும் சின்ன அறை. இரும்பு அலமாரியில் பாடப்புத்தகம் இருந்த தட்டுகளில் பாம்புகளும் மீன்களும் தேள்களும் ஏறின. மேல் தட்டில் ஒரு தேவாங்கு. பெரிய கண்கள் வெளுத்துப்போய், இரண்டு கைகளையும் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரோ அடிக்க வருவதைத் தடுக்கிற மாதிரி இருந்தது. எனக்கு நல்லபாம்பைவிட அதைத்தான் பயம். அதன் கண் படாத இடமாக அந்த அறையில் ஒரு மூலைகூட இல்லை. அன்றிலிருந்து அடுப்படியில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தேன்.

ஒரே ஒரு பாட்டிலை மட்டும் அம்மா அலமாரியில் வைக்கவில்லை. மாத்திரை டப்பா அளவுள்ள சின்னப் பாட்டில் அது. பீரோவைத் திறந்து பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் வைத்தாள். உள்ளே என் கட்டைவிரல் நீளத்தில் ஒரு தவளை; வெந்த பருப்பின் நிறம். பென்சிலால் எழுதிய துண்டுச் சீட்டு அதன் காலில் நூலால் கட்டியிருந்தது. அம்மா தினமும் கல்லூரிக்குக் கிளம்புமுன் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அது மூழ்கிக் கிடந்த, தண்ணீர் மாதிரித் தெரிந்த ஸ்பிரிட் குறையவில்லை என்று தெரிந்ததும் மறுபடி புடவைக்குள் வைப்பாள். என் காய்ச்சலைக்கூட அவள் அப்படித் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில்லை என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

அம்மா போட்ட உத்தரவு ஒன்றுதான். “கீழ்வீட்டுல மூச்சு விடக் கூடாது.”

கீழ்வீட்டில் வீட்டுக்காரர் இருந்தார். மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், எங்களிடம் தமிழ். அவருடைய பூஜை அறை சரியாக என் படிப்பறைக்குக் கீழே இருந்தது. அம்மாவுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் வீட்டில் இருந்ததே மூன்று அறைகள்.

அந்த வாரக் கடைசியில் வ. புதுப்பட்டியிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கொய்யாப்பழப் பையை இறக்கி வைத்துவிட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னக்கா இது? பாரஸ்ட்காரனுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா? தேவாங்கு வச்சிருந்தா ஜாமீனே கிடையாதாம்லா.”

“உயிரோட வச்சிருந்தாத்தான்டா அதெல்லாம். இது நான் வேலைக்குச் சேரும் முன்னாடியே செத்தது.”

“செத்தாலும் கேஸு கேஸுதான்.”

அம்மா சிரிக்கவில்லை. “எழுதித்தான் போட்டிருக்கேன். பதில் வரணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். யாருக்கு எழுதினாள், என்ன பதில் என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. அவள் சிரிக்காதது மட்டும் விளங்கியது.

மாமா என் தலையில் தட்டினார். “ஏட்டி, ஒங்க அம்மையப் பிடிச்சிட்டுப் போனா நீ எங்கூட புதுப்பட்டிக்கு வந்துரு. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருக்கலாம்.” சொல்லிவிட்டு ஒரு கொய்யாவைக் கடித்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவருக்கு அது வந்த இடத்தில் சொன்ன ஒரு வேடிக்கை. எனக்கு அடுத்த சில வாரங்களின் சாப்பாடும் தூக்கமும் அதோடு போயின.

எங்கள் ஊரில் காக்கிச் சட்டை எத்தனை பேர் போடுகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஆட்டோக்காரர், பஸ் கண்டக்டர், மில் வாட்ச்மேன், தபால்காரர். ஒவ்வொருவரும் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது நான் ஓடிப்போய்ப் படிப்பறைக் கதவைச் சாத்துவேன். ஒருநாள் காக்கிப் பேன்ட் போட்ட ஒருவர் மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார். நான் சங்கிலியை மாட்டிக்கொண்டு கதவிடுக்கு வழியாகவே, “அம்மா இல்ல, அப்பா இல்ல, வீட்டுல ஒண்ணுமே இல்ல” என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “மீட்டர் இருக்குல்ல பாப்பா? அது போதும்” என்றார். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர். அவர் இறங்கிப் போன பிறகும் நான் சங்கிலியைக் கழற்றவில்லை.

வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்தது காக்கிச் சட்டைக்காரர்களால் அல்ல, அவருடைய நாயால். எங்கள் ஊர்ப் பெயரையே கொண்ட ஜாதி நாய்தான், வெள்ளை வெளேரென்று இருக்கும். காது சரியாகக் கேட்காது. அதற்கும் சேர்த்து மூக்கு வேலை செய்யும். படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து மாடியையே பார்த்து உறுமிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்காரர் சூடம் காட்டும்போது சூடத்தின் வாசனைக்கு மேலாக வேறொரு வாசனை வந்திருக்கிறது. அவர் நேராக மாடி ஏறி வந்துவிட்டார். நெற்றியில் நாமம் காயவில்லை. படிப்பறைக் கதவு திறந்துதான் இருந்தது.

“தேவுடா!” என்று ஓரடி பின்னால் போனார்.

அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் இருந்திருக்காது.

“டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. நான் ஒண்ணும் சொல்லக் கூடாது. ஆனா எங்க சாமி தலைக்கு மேல பொணத்தை அடுக்கி வச்சிருக்கீகளே, இது அடுக்குமா?”

“பொணம் இல்லைங்கய்யா. இதெல்லாம் ஸ்பெசிமன்.”

“அது இங்கிலீசுல. தமிழ்ல பொணந்தான்.”

வீட்டுக்காரர் தன் மகள் பிரசவத்துக்கு வரப்போவதைச் சொன்னார். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் இது ஆகாது என்றார். இந்த மாதத்தோடு காலி செய்துவிட வேண்டும், வேறு வழியில்லை என்றார்.

“ஒருத்தர் வரணும்யா. அவர் ஒரே ஒரு பாட்டிலைப் பாத்துட்டாப் போதும். பொறவு எல்லாத்துக்கும் நான் வழி பண்ணிருதேன்” என்றாள் அம்மா. அவள் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. வீட்டுக்காரர் தேவாங்கை ஒருதரம் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார், இறங்கிப் போய்விட்டார்.

வீடு போய்விடும், அம்மாவும் போய்விடுவாள். இரண்டில் எது முதலில் நடக்கும் என்பதுதான் எனக்கு மிச்சமிருந்த சந்தேகம். பள்ளியில் அரைப் பரீட்சைக்கு எல்லோரும் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் புதுப்பட்டி மாமா வீட்டு மாடுகளின் கொம்புகளை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது மழைக்காலம். சனிக்கிழமை மத்தியானம். அம்மா பல்கலைக்கழகத் தேர்வுக்குக் கண்காணிப்பாளராகப் போயிருந்தாள். தேர்வு அறைக்குள் போன் கூடாது என்று முன்பே அணைத்து வைத்துவிடுவாள். நான் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மேற்கே மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பச்சை ஜீப் தெருவுக்குள் திரும்பியது. முன்னால் வனத்துறையின் பெயர் வெள்ளை எழுத்தில் இருந்தது. அதை எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு நேரம் தேவைப்படவில்லை. இத்தனை நாளாக அதைத்தானே மனதுக்குள் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜீப் எங்கள் வாசலில் நின்றது. காக்கி உடையில் ஒரு ரேஞ்சர் இறங்கினார். பின்னால் ஒல்லியாக ஓர் இளைஞர், முதுகில் பெரிய பை, முழங்கால் வரை சேறு.

நான் பின்பக்கப் படி வழியாக விழுந்தடித்து இறங்கி, கீழ்வீட்டுக் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

“தாத்தா, அம்மையப் பிடிச்சிட்டுப் போக வந்துட்டாவ.”

“யாரு?”

“பாரஸ்ட்காரவ. தேவாங்குக்காக.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். எங்களைக் காலி செய்யச் சொன்னவர் அவர். நாங்கள் போனால் அவர் பூஜை அறைக்கு விடுதலை. எழுந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்து, வேட்டியை இறுக்கிக் கட்டினார். நாயின் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

“ஐயா, இங்க காலேஜ் மேடம் வீடு இதுதானே?” என்றார் ரேஞ்சர்.

“எந்த மேடம்?”

“விலங்கியல் மேடம். மாடியில குடியிருக்கிறதா அட்ரஸ் குடுத்திருக்காங்க.”

“மாடி காலியாக் கெடக்கு. ஒங்களுக்கு வாடகைக்கு வேணுமா?”

ரேஞ்சர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மாடிக் கொடியில் என் பள்ளிச் சீருடை ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரும் அதைப் பார்த்தார்.

“அது எங்க பேத்தி உடுப்பு.”

இளைஞர் முன்னால் வந்தார். அவர் பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சாக இல்லை. “சார், அவங்க போன் ஆஃப்ல இருக்கு. சாயங்காலம் எனக்கு டிரெயின். அவங்க வீட்ல ஜாடி எல்லாம் வச்சிருக்கிறதா எழுதியிருந்தாங்க…”

“ஜாடியா? ஊறுகாய் ஜாடிகூடக் கெடையாது தம்பி.”

அந்த நேரம் பார்த்து நாய் பெரிதாகக் குரைத்தது. ரேஞ்சர் வண்டியில் ஏறினார். இளைஞர் உடனே ஏறவில்லை. ஜீப்பின் கதவைப் பிடித்தபடி மாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸைத் தவறவிட்டவனின் நிற்பு அது. பிறகு அவரும் ஏறிக்கொண்டார். ஜீப் போய்விட்டது.

வீட்டுக்காரர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டுக்காரம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். பாதி மீசையில் வழிந்தது.

“கவர்ன்மெண்ட் ஆளுக கிட்டப் பொய் சொல்லிட்டேனே. திரும்பி வந்தா என்ன செய்யறது?” என்றார்.

பிறகு அவரே ஒரு முடிவுக்கு வந்தார். ஜாடிகளை எல்லாம் பின்கட்டில் பழைய சாமான் போடும் அறைக்குள் மறைத்துவிடுவது. இத்தனை நாளாக அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டாதவர், தோள் துண்டை எடுத்து நல்லபாம்பு ஜாடியைச் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார். முகத்தை மட்டும் மறுபக்கம் திருப்பிக்கொண்டார். நான் முன்னால் இறங்கி ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசிப் படிக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றாள்.

“ஐயா, என்ன பண்ணுதீங்க?”

வீட்டுக்காரர் நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. சீருடையைப் பேத்தி உடுப்பு என்று சொன்ன இடத்தை இரண்டு தடவை சொன்னார். அம்மா பையிலிருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தாள். அது நிறுத்தாமல் மணியடித்தது, தவறிய அழைப்புகளாக. அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தத் தம்பியைத்தான்யா நான் இம்புட்டு நாளா எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

வீட்டுக்காரர் பாம்பை இன்னும் அணைத்தபடியே நின்றார்.

அம்மா போன் செய்தாள். அந்த இளைஞர் தவளைகளை ஆராய்கிறவர். இத்தனை நாளும் மலைமேல் இருந்ததால் சிக்னல் இல்லை. இன்று இறங்கி வந்தவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் சென்னை ரயிலுக்காக நிற்கிறார். “நில்லுங்க தம்பி, கொண்டு வாரேன்” என்று அம்மா சொல்லும்போதே சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது; அவள் மாடிக்கு ஓடினாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. கீழே வந்தபோது கையில் அந்தச் சின்னப் பாட்டில் இருந்தது.

“பஸ்ஸைப் பிடிக்க ஏலாது. நான் கொண்டுபோய் விடுதேன்” என்று வீட்டுக்காரர் பாம்பு ஜாடியைப் படியோரம் இறக்கி வைத்து, துண்டைத் தோளில் போட்டார்.

அவரிடம் ஒரு பழைய மாருதி கார் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போவதற்கு மட்டும் வெளியே எடுப்பார். சாமி கும்பிடப் போகிற வேகத்துக்கு மேல் அந்தக் கார் ஓடி யாரும் பார்த்ததில்லை. என்னைத் தனியாக விட அம்மாவுக்கு மனமில்லை. பின்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, பாட்டிலை என் மடியில் கொடுத்தாள். “நேரா பிடிச்சுக்கோ. சாய்ச்சிறாத” என்றாள். அவள் இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள்.

சத்திரப்பட்டி ரோடு ரயில்வே கேட் மூடியிருந்தது.

முன்னால் லாரிகள், பின்னால் மில் பஸ்கள், இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள். வீட்டுக்காரர் இஞ்சினை அணைத்தார், மறுபடி போட்டார், மறுபடி அணைத்தார். மழை தூறத் தொடங்கியது. என் பாவாடை நனைவதாக எனக்குத் தோன்றியது. ஜன்னல் வழியாக வந்த சாரல் என்று நினைத்தேன். பிறகுதான் அந்த நனைவு சில்லென்று குளிர்வதையும், ஆஸ்பத்திரி வாசனை அடிப்பதையும் கவனித்தேன்.

“அம்மா, ஒழுகுது.”

பாட்டில் மூடியைச் சுற்றி வைத்திருந்த மெழுகு எங்கோ விரிசல் விட்டிருந்தது. ஸ்பிரிட் தவளையின் முதுகுக்குக் கீழே இறங்கியிருந்தது. அம்மா என் கையிலிருந்து அதை வாங்கி, மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அழுத்தியதில் அவள் விரல் நுனிகள் வெளுத்தன. அந்த நேரத்தில்தான் ரயில் வந்தது. பெட்டி பெட்டியாகக் கேட்டைத் தாண்டி, எங்களுக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போனது. ஜன்னல்களில் முகங்கள், கையில் டீ கப்புகள். பெட்டியின் பக்கவாட்டில் சென்னை என்று எழுதியிருந்ததை நான் படித்தேன். அம்மாவும் படித்தாள். வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இதானே அந்த வண்டி?”

அம்மா கடைசிப் பெட்டி மறைகிறவரை பார்த்தாள்.

கேட் திறந்தது. திரும்பி வீட்டுக்குப் போவதுதான் நியாயம். வீட்டுக்காரர் திரும்பவில்லை. மெயின் ரோட்டுக்கு வந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வண்டியை ஒடித்தார். மூன்றாவது கியருக்கு மேல் போகாத அந்தக் கார் அன்று நான்காவதுக்குப் போனது. அது பழகாததால் உலுக்கி உலுக்கிப் போனது. இடப்பக்கம் மலை மேகத்துக்குள் இருந்தது. மாந்தோப்புகளும் மில் கட்டடங்களும் மழையில் கரைந்து பின்னால் போயின. ரயில் போன பிறகு எதற்கு ஸ்டேஷனுக்குப் போகிறோம் என்று கேட்க எனக்கு நாக்கு வரை வந்தது. அம்மாவின் கையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்டேஷன் பிளாட்பாரம் காலியாக இருந்தது. ரயில் போன இடத்தில் ஒரு நாய் ஏதோ பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சில் பெரிய பை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் அந்த இளைஞர். ரேஞ்சரும் கூட இருந்தார்.

“ஏறலையா தம்பி?” என்றாள் அம்மா. ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

“எப்படி மேடம் ஏற முடியும்?” என்றார் அவர்.

பாட்டிலைப் பார்த்ததும் அவர் வேறெதுவும் பேசவில்லை. பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தார். முதலில் அந்தத் தவளை முழுக்க மூழ்கும்வரை ஸ்பிரிட் ஊற்றினார். தாகமெடுத்த ஆளுக்குத் தண்ணீர் கொடுக்கிற பொறுமை அதில் இருந்தது. பிறகுதான் அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்தார்; மூடியின் வட்டம் அதில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

“பார்மலின் இல்லையே?”

“இல்ல. ஸ்பிரிட்தான். எனக்கு முன்னாடி இருந்த புரொபசர் பிடிச்சது. அந்த வருஷம் காலேஜுக்கு பார்மலின் வரலையாம். அதனால ஸ்பிரிட்ல போட்டு வச்சிருக்காவ.”

“அது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா மேடம்?” என்றார். மற்ற ஜாடிகளைப் போல பார்மலின் மருந்தில் கிடந்திருந்தால் அதன் மரபணுவைப் படித்திருக்கவே முடியாது என்றார். சின்ன லென்ஸ் ஒன்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு பெஞ்சில் குனிந்தார். தவளையை ஒரு வெள்ளைத் தட்டில் எடுத்து வைத்து, விரல்களைப் பார்த்தார், தொடையைத் திருப்பிப் பார்த்தார். காலில் கட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். நெடுநேரம் நிமிரவே இல்லை. நான் வீட்டுக்காரரின் பின்னால் ஒளிந்து நின்று ரேஞ்சரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைவிலங்கு எடுப்பாரென்றால் எந்தப் பக்கப் பையிலிருந்து எடுப்பார் என்று.

“அதேதான். உங்க புரொபசர் பழைய கட்டுரையில எழுதி வச்ச அதே தவளை” என்றார் இளைஞர் கடைசியில்.

அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாக, “மேல மலையில தேடிப் பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

“பார்த்தேன் மேடம். கட்டுரையிலயும் இந்தச் சீட்டுலயும் எழுதியிருக்கிற அதே ஓடைதான். மழைக்காலம் தவறாம வந்து பார்த்திருக்கேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து காது குடுத்துக் கேட்டிருக்கேன். ஒரு சத்தம்கூட இல்லை.”

“ஓடை இருக்குல்லா?”

“ஓடை இருக்கு. தண்ணியும் இருக்கு. இதுதான் இல்லை.”

அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. வழக்கு எதுவும் வராது என்று தெரிந்துவிட்டது, அந்த நிம்மதியில் அழுகிறாள் என்று நான் நினைத்தேன். எனக்கும் அழுகை வந்தது, அதே நிம்மதியில்தான்.

வீட்டுக்காரர் குனிந்து தட்டைப் பார்த்தார். “இந்தச் சின்னதுக்கா இம்புட்டும்?”

“ஐயா, இந்த வகையில உலகத்துலேயே நமக்குத் தெரிஞ்சு இருக்கிறது இது ஒண்ணுதான்” என்றார் இளைஞர்.

வீட்டுக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவருக்கு வேர்த்திருக்கும் போல என்று நினைத்தேன்.

ரேஞ்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “என்ன பாப்பா, மாடி இன்னும் காலியாத்தான் இருக்கா?” வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அம்மா எழுதியிருந்தது வனத்துறைக்கும் சேர்த்துத்தானாம். அதைப் பார்த்துத்தான் அவரே ஜீப் எடுத்துக்கொண்டு இந்த இளைஞரைக் கூட்டி வந்திருக்கிறார். தவளையை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டிய அனுமதிக் காகிதத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மற்ற ஜாடிகளுக்கும் அவர்கள் அலுவலகத்தில் ஓர் அறை ஒழித்துத் தருவதாகச் சொன்னார். ஆனால் கொஞ்ச நாள் ஆகும் என்றார்.

தவளை இளைஞரின் பைக்குள் போனது. அதை அவர் துணிக்குள் துணி வைத்துச் சுற்றினார். அடுத்த ரயில் எப்போது என்று விசாரிக்கப் போனவரை அம்மா கூப்பிட்டு, “ஏதாவது சத்தம் கேட்டா எனக்கு ஒரு போன் பண்ணுங்க தம்பி” என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. வீட்டுக்காரர் பழையபடி மூன்றாவது கியரில் வந்தார். கொஞ்ச தூரம் போனதும், “டீச்சரம்மா, அந்த ரூம் ஏற்பாடாகுறவரைக்கும் ஜாடி எல்லாம் இருக்கட்டும். ஆனா சாமி தலைக்கு மேல மட்டும் வேண்டாம். ஒங்க கூடத்துல வச்சுக்கிடுங்க” என்றார். அம்மா சரிங்கய்யா என்றாள்.

என் மடியில் பாட்டில் இல்லை. அம்மாவை யாரும் பிடித்துப்போகவில்லை. வீடும் போகவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்குப் பசித்தது. இரண்டு பக்கமும் வயலிலும் ரோட்டோரப் பள்ளத்திலும் புதுத்தண்ணீர் தேங்கி, தவளைகள் காது அடைக்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தன. கார்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இளைஞர் ராத்திரி முழுக்கக் காத்திருந்தும் ஒன்றுகூடக் கத்தவில்லை என்று சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. பாவம், வெளியூர்க்காரர், எங்கே போய் உட்கார வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

“அம்மா, இங்க இம்புட்டுத் தவளை கத்துதே. இதுல ஒண்ணைப் பிடிச்சு அந்தத் தவளை மாமாகிட்டக் குடுத்தா என்ன?”

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்காரர் தலைக்கு மேல் இருந்த சின்னக் கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். நான் இன்னொரு முறை கேட்டேன். அவ்வளவு நல்ல யோசனைக்கு ஏன் இரண்டு பேரும் பதில் சொல்லாமல் வருகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.